குகைக்குள் ஒரு பன்

"அம்மா, லொடுக்கு எப்பப் பாத்தாலும் ஓடிட்டே இருக்கே, அதுக்கு யாரு சாப்பாடு போடுவாங்க?"

கேட்டது ஆறு வயது மகள். அம்மாதான் லொடுக்கு வரும் கார்ட்டூன் தொடரின் பின்னணி ஓவியர். காடு, மலை, தொங்குபாலம் எல்லாம் அவர் தூரிகையால் தீட்டியவை. அவற்றின் மேல் ஓர் அக்காவும் தம்பியும் ஓட, அவர்கள் பின்னாலேயே லொடுக்கு ஓடும். பூசணிக்காய் உடம்பு, விசிறிக் காது, ஆறு குட்டைக் கால். முதல் மூன்று கதைகளில் அது பாலத்திலிருந்து விழுந்தது, புயலில் பறந்தது. ஒரு வாய்கூடத் தின்னவில்லை.

மறுநாள் ஓவியர் ஒரு காரியம் செய்தார். நான்காம் கதையில் வரும் மரப்பொந்துக்குள், சட்டென்று கண்ணில் படாதபடி, எள் தூவிய பன் ஒன்றை வரைந்து வைத்தார். மகள் டி.வி.யில் மூக்கை ஒட்டித் தேடிக் கண்டுபிடித்துக் குதித்தாள். அன்றிலிருந்து கதைக்கு ஒரு பன். கூரை மேல், கிணற்றடியில், ராட்சசனின் தொப்பிக்குள். "லொடுக்க நாங்க பாத்துக்கறோம், மத்தவங்கள நீங்க பாத்துக்கோங்க" என்று மகள் சாமி கும்பிடும்போது கடவுளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பாள். ஆபீசில் ஒருவருக்கும் இது தெரியாது.

ஆனால் கை பழகிவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று.

பத்தொன்பதாம் கதையில் லொடுக்கும், எதிரியின் பிராணியான முள்ளாண்டியும் ஒரு குகைக்குள் மாட்டிக்கொள்கின்றன. மூன்று நாள் பட்டினி. முடிவில் முள்ளாண்டி கொம்பால் பாறையை உடைக்க, இரண்டும் தப்பிக்கின்றன. படத்தை மாலை ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். மதியம் பெரிய திரையில் போட்டுப் பார்த்தார்கள். ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்குப் பின்னால் கீச்சு அக்கா தயாராக உட்கார்ந்திருந்தார். லொடுக்கின் குரல் அவருடையதுதான். முழங்கால் வலியால் அவரால் நின்றுகொண்டு குரல் கொடுக்க முடியாது. உட்காரக் கொடுத்திருந்த ஸ்டூலோ அசைந்தால் கத்தும்.

"இப்பக் கேட்டது நீங்களா, ஸ்டூலா, அக்கா?" என்றார் சவுண்டுக்காரர்.

"நல்லா இருந்தா நான், நாராசமா இருந்தா ஸ்டூலு. தச்சர வரச் சொல்லி நாலு மாசம் ஆச்சு தம்பி."

திரையில் கேமரா குகைச் சுவரை நெருங்கியது.

"நிறுத்து!" டைரக்டர் எழுந்துவிட்டார். "அது என்ன?"

ஓவியர் திரையைப் பார்க்காமலே சொன்னார்: "பாறைங்க சார்."

"பாறைக்கு எள்ளு தூவுவாங்களா?"

யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள்.

"மூணு நாள் பட்டினிம்மா! தலைமாட்டுல பன்னு! பாக்கற குழந்தை 'எடுத்துத் தின்னேன் மக்கு'ன்னு கத்தாதா? முப்பத்தோரு காட்சியில இதே சுவரு. ஒவ்வொண்ணுலயும் மேல நிழலும் புகையும் ஏத்தியாச்சு. மாத்த ரெண்டு நாளாகும். அஞ்சு மணிக்கு நான் எதை அனுப்புவேன்? உங்களுக்கு இது விளையாட்டாப் போச்சுன்னா, அடுத்த கதைக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்."

ஓவியர் தலையைக் குனிந்துகொண்டார். காரணம் இருந்தது. ஆனால் அது ஆறு வயதுக் காரணம். அந்த அறையில் எடுபடாது.

ஸ்பீக்கரில் கீச்சு அக்காவின் குரல் கேட்டது. "சார், நான்தான் வைக்கச் சொன்னேன்."

கடவுள் கண்டும் காணாமல் விடக்கூடிய அளவில் ஒரு சின்னப் பொய்.

"நீங்களா? எதுக்கு?"

"முள்ளாண்டி எதுக்கு சார் பாறைய உடைக்குது?"

"திடீர்னு மனசு மாறுது."

"திடீர்னு எப்படி மாறும்? உங்களுக்கு மாறுதா?"

இந்த முறை எல்லாருமே இருமினார்கள்.

"அந்த இடத்த ஓட்டுங்க. சத்தம் நான் போடறேன்."

திரையில் லொடுக்கு சலிப்போடு சுவரைப் பார்த்தது. கீச்சு அக்கா மோப்பம் பிடித்தார். எச்சில் விழுங்கினார். காலி வயிறு போல உறுமினார். லொடுக்கு தலையைத் திருப்பி, சுருண்டு கிடந்த முள்ளாண்டியைப் பார்த்தது. கீச்சு அக்கா நீளமாக மூச்சு விட்டு, "ம்ஹூம்" என்றார். தன்னைத் தானே அதட்டிக்கொள்ளும் "ம்ஹூம்."

சவுண்டுக்காரர் ஹெட்போனைக் கழற்றினார். "லொடுக்கு தான் திங்காம எடுத்து வச்சிருக்கு சார். எதிரிக்காக!"

டைரக்டர் மெல்ல உட்கார்ந்தார். "முள்ளாண்டி எழுந்திரிக்கற அந்த ஒரு காட்சில பன்னு இருக்கக் கூடாது. தூள் மட்டும் கிடக்கணும். முடியுமாம்மா?"

"ஒரு மணி நேரம் குடுங்க சார்."

ஓவியர் பன் தூளை வரைந்து முடித்த பிறகும் கண்ணாடிக்குப் பின்னால் அந்த "ம்ஹூம்" முடிந்திருக்கவில்லை. கீச்சு அக்கா அதைப் பதினோரு தடவை சொன்னார். பத்துத் தடவை ஸ்டூல் குறுக்கே பேசியது. பத்துத் தடவையும் முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் படம் போய்ச் சேர்ந்தது.

வாசலில் ஓவியர், "அக்கா..." என்று இழுத்தார்.

"நன்றி கின்றின்னு ஆரம்பிச்சே, உள்ள போய் உண்மையச் சொல்லிடுவேன். போம்மா, குழந்த காத்திட்டிருக்கும்."

மறுநாள் மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபின் ஓவியர் ஒலிப்பதிவு அறைக்குள் நுழைந்தார். ஸ்டூலைக் கவிழ்த்தார். ஒரு காலில் திருகாணி ஆடிக்கொண்டிருந்தது. வண்ணம் குழைக்கும் கத்தியின் முனையால் அதை இறுக்கினார். தன் பெரிய ரப்பரை நான்கு துண்டாக வெட்டி நான்கு கால்களுக்கும் அடியில் ஒட்டினார். நிமிர்த்தி வைத்து உட்கார்ந்து, முன்னும் பின்னும் ஆடிப் பார்த்தார். சத்தமே இல்லை.

அதோடு கை சும்மா இருக்குமா? மறுபடி கவிழ்த்து, பலகையின் அடியில், யாரும் குனிந்து பார்க்காத இடத்தில், எள் தூவிய பன் ஒன்றை வரைந்தார். காயும்வரை ஊதினார். ஸ்டூலைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு சாப்பிடப் போனார்.