நானூற்றுப் பதின்மூன்றாவது பெட்டி

ஜெயவேலுவுக்கு வரவேண்டிய ஏற்றுக்கூலி ஆயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய். சரக்கு கப்பலேறினால்தான் கைக்கு வரும் என்று பேச்சு. குரோம்பேட்டைக் குடோனில் பால்மாவுப் பெட்டிகள் கூரை முட்ட நின்றன. கடலுக்கு அந்தப் பக்கம் முகாமில் கிடக்கிற குழந்தைகளுக்கானவை. அவற்றின் நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தான்.

ஒருமுறை லாரி துறைமுகம்வரை போய்த் திரும்பிவிட்டது. பட்டியலில் நானூற்றுப் பன்னிரண்டு. அங்கே எண்ணியபோது ஒன்று கூடுதல்.

அந்த ஒன்று அமலராணியுடையது. குடோன் பெருக்குகிறவள். மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு, பத்தொன்பது வருஷத்துக்கு முன் படகேறி வந்தவள். அந்த மகள் இப்போது கைக்குழந்தையோடு அதே முகாமின் முள்வேலிக்குள். "என்ர பேத்திக்கு, தம்பி," என்று சீட்டுக்காசில் வாங்கிவந்த பெட்டியை ஜெயவேலுதான் நடுவரிசையில் செருகினான். தெரிந்தவர் சாமானை அப்படிச் செருகுவது லோடுமேன்களிடம் வழக்கம். இதுவரை எவனும் எண்ணிப் பார்த்ததில்லை.

"நான்தான் சார் வெச்சேன். எடுத்துர்றேன். கணக்கு சரியாப்பூடும்," என்று குடோன் பொறுப்பாளர் பக்தவச்சலத்திடம் போய் நின்றான்.

"இப்ப எடுத்து என்னப்பா பிரயோஜனம்? கஸ்டம்ஸ்காரன் நானூத்திப் பதிமூணுன்னு எழுதி சீல் குத்திட்டான். குறைஞ்சா, ஒண்ணு எங்கன்னு கேப்பான். ஃபைல் டெல்லிக்குப் போயிருக்கு."

"ஒரு பொட்டிக்கா சார் டெல்லி?"

"உன்னைக் கேட்டுட்டு அனுப்பச் சொல்லட்டுமா?"

அமலராணி தினமும் கேட்டாள். "எப்பயாம் தம்பி கப்பல் வெளிக்கிடும்? பிள்ளைக்கு வயித்தாலை போகுதாம். கஞ்சித்தண்ணிதான் பருக்கிறாளாம்."

"பேப்பர் வந்துகினே கீதுக்கா."

பெட்டிகளில் ஆகஸ்ட் 2009 என்று கெடு அச்சடித்திருந்தது. அவள் எழுத்துக்கூட்டிப் படிப்பாள் என்று அவனுக்குத் தெரியும். முன்வரிசைப் பெட்டிகளை, அச்சிருந்த பக்கம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி அடுக்கினான்.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி அனுமதி வந்தது, நானூற்றுப் பதின்மூன்று பெட்டிக்கும். மறுநாள் இன்னொரு தாள்: கெடு முடிந்த சரக்கைக் கப்பலேற்றக் கூடாது, அழித்துக் கணக்குக் காட்ட வேண்டும்.

"குப்பைமேட்டு லாரி வந்திருக்கு. ஏத்திடு, பழைய பாக்கியை மொத்தமாத் தர்றேன்," என்றார் பக்தவச்சலம்.

அமலராணி லாரியின் குறுக்கே வந்து நின்றாள். "என்ர பெட்டியையாவது தாங்கோ ஐயா. அது நான் காசு குடுத்து வாங்கினது."

"ஒண்ணு குறைஞ்சாலும் நான்தாம்மா பதில் சொல்லணும்."

அவள் ஜெயவேலுவைப் பார்த்தாள். அவன் அந்தப் பெட்டியைத் தோளில் தூக்கி, இந்தமுறை நடுவில் செருகாமல், கடைசியில் வைத்தான். பக்தவச்சலம் எண்ணி முடித்துப் பட்டியலில் சரி போட்டார். ஆயிரத்து எழுநூற்று நாற்பது, ஒரு ரூபாய் குறையாமல் கைக்கு வந்தது.

லாரி வாசலில் திரும்பும்போது குடோனுக்குள் பார்த்தான். பெட்டிகள் நின்ற இடம் தரையில் வெளுத்துக் கிடந்தது. அமலராணி அதைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.