கலைமதி தூங்கிய சீசன்

மண்ணூர் மகளிர் கல்லூரி பல்கலைக்கழகக் கூடைப்பந்துக் கோப்பையை ஜெயித்த வருஷம், அந்த டீமில் எல்லோரையும்விட அதிகக் கூடை போட்ட கலைமதி, முதல் மேட்சின் விசிலிலிருந்து ஃபைனலின் கடைசி ரெண்டு நிமிஷம் வரைக்கும் தூங்கிக்கொண்டேதான் ஆடினாள். கண் சொருகிய அரைத்தூக்கம் இல்லை. வாய் லேசாகத் திறந்து, மூச்சு சீராக வந்து, கடைவாயில் கொஞ்சம் எச்சில்கூட ஒழுகிய அசல் தூக்கம். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஒரகடத்தில் நைட் ஷிஃப்ட் பார்க்கிற யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள்.

கலைமதி பிள்ளைப்பாக்கத்துப் பெண். அப்பா ரகுபதி கம்பெனி பஸ் டிரைவர். கைக்குழந்தையாக இருந்தபோது அவள் வீறிட்டு அழுதால் தாலாட்டெல்லாம் வேலைக்கு ஆகாது. பஸ்ஸை ஸ்டார்ட் செய்து, இன்ஜின் மூடியின் மேல் போர்வை விரித்துப் படுக்கவைத்தால் ரகுபதி கியர் மாற்றுவதற்குள் தூங்கிவிடுவாள். வளர்ந்து பிளஸ் டூ முடித்ததும் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட் சேர்ந்தாள். காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டாகச் சேர்த்துக் கிளிப்பில் செருகும் வேலை. கிளிப் சரியாக உட்கார்ந்தால் ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தம் வந்தால்தான் பீஸ் ஓகே. விடிந்தால் பஸ், பஸ்ஸை விட்டு இறங்கினால் காலேஜில் பி.காம். அவளுக்கென்று இருந்த தூக்கமெல்லாம் அந்தப் பஸ்ஸில்தான். வண்டி கிளம்பினால் எல்லோரும் தூங்குவார்கள், அவரவர் ஸ்டாப்பிங்கில் தானாக முழிப்பார்கள். எவனாவது முழிக்காவிட்டால் பக்கத்து சீட்காரர் தோளைத் தொட்டு, “ஸ்டாப்பிங் வந்துடுச்சி” என்பார். அந்தப் பஸ்ஸின் சட்டதிட்டம் அவ்வளவுதான்.

காலேஜின் பிசிகல் டைரக்டர் லூர்தம்மாள் தாம்பரத்திலிருந்து வருகிறவர், இருபது வருஷமாக அதே மாதிரிக் கம்பெனி பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வந்துபோகிறவர். அந்த வருஷம் அவரிடம் தேறியது நாலே பெண்கள், மற்றவர்கள் பெஞ்சில் உட்காரத்தான் ஆவார்கள். ஐந்தாவது ஆளுக்கு அவர் முட்டிமோதிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கலைமதி கோர்ட் ஓரத்துக் கம்பத்தில் சாய்ந்து நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். கேப்டன் ஷாரோன் எறிந்த பந்து தவறி அவள் முகத்துக்கு நேராகப் போனது. கலைமதி கண்ணைத் திறக்காமல் பந்தைப் பிடித்தாள், திரும்பினாள், கூடையில் போட்டாள். லூர்தம்மாள் இன்னொரு பந்தை வீசினார். அதுவும் விழுந்தது. பந்து தீர்ந்துபோகும்வரை வீசிப் பார்த்துவிட்டு அவர் ஷாரோனைக் கூப்பிட்டார்.

“அவ ஜெர்சி சைஸ் இன்னான்னு கேளு.”

“மேடம், அவ தூங்கறா மேடம்.”

“தெரியுது. முழிச்சதும் கேளு.”

விஷயம் இதுதான்: கலைமதி தூங்கினால் கனவு வரும், கனவில் கம்பெனி வரும். லைனில் அவள் நிற்பாள், பீஸ் வரும், செருகுவாள், டக். பந்து கைக்கு வந்தால் அவளுக்கு அது பீஸ். லைனில் பீஸைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தால் சூப்பர்வைசர் கத்துவார், அதனால் பந்து அவள் கையில் தங்கியதே இல்லை. எதிர் டீம் பெண்கள் தடுக்க வருவதற்குள் பந்து போய்ச் சேர்ந்திருக்கும். செங்கல்பட்டில் ரயில் சத்தத்துக்கு நடுவில் ஜெயித்தார்கள். திருவள்ளூரில் ஜெனரேட்டர் அலறியது, அங்கேயும் ஜெயித்தார்கள். ஒரு கோச் கோபப்பட்டு, தூங்குகிற ஆளை ஆடவிடலாமா என்று மனு கொடுத்தார். ரெஃப்ரிகள் விதிப்புத்தகத்தை ரெண்டு தரம் புரட்டினார்கள். ஆட்டக்காரர் ஷூ போட்டிருக்க வேண்டும், நம்பர் இருக்க வேண்டும், நகம் வெட்டியிருக்க வேண்டும். முழித்திருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை.

அப்புறம் கூட்டம் சேரக் கேட்கவா வேண்டும்! கலைமதியின் லைனில் வேலை பார்த்த இசக்கிபாண்டி, நாங்குநேரிப் பக்கத்து ஆள், கூடைப்பந்தைக் கண்ணால் பார்த்ததே இல்லாதவன், வாராந்திர லீவையெல்லாம் மேட்சுக்கென்று மாற்றிக்கொண்டான். “ஏல, முழிச்சிருக்கவனே ஒழுங்கா வேல பாக்க மாட்டுக்கான். இந்தப் புள்ள தூங்கிக்கிட்டே பொளக்கு பாருங்கல” என்று கேன்டீனில் பீற்றிக்கொள்வான். பீற்றிக்கொள்ள நியாயம் இருந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் காலேஜும் எந்தக் கோப்பையும் அதுவரை வாங்கியதில்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் என்றால் சென்னைக்காரன் எந்தக் கம்பெனி என்றுதான் கேட்பான், வேறு எதையும் கேட்க மாட்டான். இப்போது பேப்பரில் மண்ணூர் என்று பேர் வந்தது, டீக்கடையில் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஒட்டினார்கள்.

கலைமதிக்கு மட்டும் ஒன்றும் கிட்டவில்லை. ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் ஷாரோன் அவள் முகத்தில் தண்ணீர் தெளிப்பாள். முழித்தால் முட்டி வலிக்கும், கையில் ரப்பர் வாடை அடிக்கும், யார் யாரோ கையைக் குலுக்குவார்கள். “இன்னா ஆச்சி?” என்று கேட்பாள். ஷாரோன் சொல்வாள். வீட்டுக்குப் போனால் அப்பா சொல்வார், மறுநாள் லைனில் இசக்கிபாண்டி நடித்தே காட்டுவான். சரி, வீடியோவாவது பார்க்கலாம் என்றால், தூங்கும் தன் முகத்தைப் பார்த்ததும் முதல் கூடை விழுவதற்குள் திரும்பத் தூங்கிவிடுவாள். எத்தனையோ தரம் முயன்றாகிவிட்டது. ஊரே தின்று ருசி சொல்லும் கல்யாண விருந்தில் அவள் இலை மட்டும் காலியாக இருந்தது. பாத்ரூமில் போய் ஒருநாள் அழக்கூடச் செய்தாள்.

“ஒரே ஒரு பந்து போதும்டி. நான் போட்டத நானே பாக்கணும்” என்றாள் ஷாரோனிடம்.

“நீ முழிச்சிகினா நாம தோத்துடுவோம்டி, கலை.”

அதுவும் பொய்யில்லை. முழித்திருக்கும்போது எறியச் சொல்லிப் பார்த்தார்கள், பந்து கூடைக்குப் போகாமல் கேன்டீன் பக்கம் போனது. கோப்பைக்குக் காத்திருப்பவர்கள் ஊர்ப்பட்ட பேர். தன் ஆசைக்காக அத்தனை பேர் வாயில் மண்ணைப் போட அவளுக்கு மனசு வரவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஃபைனல் மண்ணூரில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். எதிரே சென்னையிலிருந்து ஒரு பெரிய காலேஜ். ஹாஸ்டலில் எட்டு மணிநேரம் தூங்கி, முட்டையும் பாலும் சாப்பிட்டு வளர்ந்த பெண்கள். அன்றைக்குத்தான் நம்ம ஜனங்கள் அந்தத் தப்பைச் செய்தார்கள், அதுவும் அன்பினால் செய்தார்கள். புள்ள தூக்கம் கலைந்துவிடக் கூடாது என்று எல்லோருமாகப் பேசிவைத்து, ஊரையே வாய்பொத்த வைத்தார்கள். மெயின் ரோட்டில் லாரிகளைக் கைகாட்டிச் சுற்றுவழியில் அனுப்பினார்கள். கோயில் ஸ்பீக்கரின் ஒயரைக் கழற்றினார்கள். நாய்களுக்குப் பிரியாணி வைத்து மண்ணூர் எல்லைக்கு அப்பால் கூட்டிப்போனார்கள். ரகுபதி பஸ்ஸைத் தூரத்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்தார். கூடை விழுந்தால் கைதட்டாமல் ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினார்கள், ஆயிரம் பேர் சத்தமில்லாமல் ஆடுவதைப் பார்த்துச் சென்னைப் பெண்கள் மிரண்டுபோனார்கள்.

மிச்சமிருந்த ஒரே சத்தம், கோர்ட்டை ஒட்டிய பட்டறையில் ஓடிய கம்ப்ரசர். மேட்ச் முடிய ரெண்டு நிமிஷம். மண்ணூர் ஒன்பது பாயின்ட் முன்னால் நின்றது. இசக்கிபாண்டி பொறுப்பாக எழுந்து போய், வாட்ச்மேன் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, அந்தக் கம்ப்ரசரை நிறுத்த வைத்தான்.

நிறுத்தியதும் கலைமதி முழித்துக்கொண்டாள். பின்னே? பஸ்ஸில் தூங்குகிறவனை ஹாரன் எழுப்பாது, பள்ளம் எழுப்பாது, பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் எழுப்பாது. இன்ஜின் நின்றால்தான் எழுந்திருப்பான். சிக்னலில் நின்றாலும் இன்ஜினை அணைக்காதே, வண்டி மொத்தமும் முழித்துக்கொள்ளும் என்று புது டிரைவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவரே ரகுபதிதான். அது அந்த நேரத்தில் அவருக்கே உறைக்கவில்லை.

கலைமதி கையிலிருந்த பந்தைப் பார்த்தாள். சுற்றிலும் ஜனம். “இன்னாடி இது?” என்றாள் ஷாரோனிடம். அதைக் கேட்டு முடிப்பதற்குள் சென்னை டீமின் உயரக்காரி பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். அடுத்த பந்தைக் கையில் வைத்து யோசித்தாள், அதுவும் போனது. அடுத்ததைக் கேன்டீன் பக்கம் எறிந்தாள். ஒன்பது பாயின்ட் கரைந்து, சென்னை ஒரு பாயின்ட் முன்னால் போனது. பத்து விநாடி மிச்சம் இருந்தபோது லூர்தம்மாள் டைம் அவுட் கேட்டார்.

“கண்ண மூடு கலை. ஒரு நிமிஷம் தூங்கினா போதும்” என்று அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

கலைமதி மூடிப் பார்த்தாள். “வரல மேடம்.” தோளிலிருந்து தலையை எடுத்துக்கொண்டு சொன்னாள்: “வந்தாலும் வேணாம் மேடம். நான் பாக்கணும்.”

லூர்தம்மாள் அவளை உட்காரவைத்து வேறு பெண்ணை இறக்கியிருக்கலாம். ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் ரகுபதிக்குப் புத்தி வந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு ஓடி, பஸ்ஸை ஸ்டார்ட் செய்து, கோர்ட் விளிம்புவரை கொண்டுவந்து நிறுத்தி, இன்ஜினை உறுமவிட்டார். ஜனங்களுக்கும் புரிந்துபோனது. இசக்கிபாண்டி முதலில் ஆரம்பித்தான், பின்னாலேயே ஆயிரம் பேரும் தொண்டைக்குள் இன்ஜின் ஓட்டினார்கள். தரை அதிர்ந்தது. அதிர அதிர, ஒவ்வொருத்தர் தலையாகத் தொங்கியது. அத்தனை பேரும் ஷிஃப்ட் ஆட்கள், பஸ் சத்தம் கேட்டால் பாவம் வேறென்ன செய்வார்கள்? இசக்கிபாண்டி பக்கத்து ஆள் மடியில் விழுந்தான். ரகுபதி ஸ்டியரிங்மேல் சாய்ந்தார். மாற்று ஆட்டக்காரிகள் பெஞ்சில் ஒருத்திமேல் ஒருத்தி சரிந்தார்கள். லூர்தம்மாள் திறந்த வாயோடு தூங்கிப்போனார், அவர் என்ன சொல்ல வந்தார் என்பது இன்றுவரை அவருக்கே ஞாபகம் இல்லை.

முழித்திருந்தவர்கள் சென்னைப் பெண்கள், அவர்கள் ஊரிலிருந்து வந்த ரெஃப்ரிகள், அப்பாவின் டூவீலரில் காலேஜுக்கு வரும் ஷாரோன், அப்புறம் கலைமதி. டீமின் மற்ற மூன்று பேரும் கோர்ட்டில் நின்றபடி அசைந்தாடிக்கொண்டிருந்தார்கள். கலைமதிக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஒரு சீசனில் அவள் தூங்கவேண்டிய பாக்கியையெல்லாம் தூங்கித் தீர்த்துவிட்டாள், அதுதான் காரணம்.

விசில் ஊதியது. ஷாரோன் பந்தை எறிந்தாள். உயரக்காரி ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு எதிரே வந்தாள். கலைமதிக்குப் பயமாக இருந்தது. இந்த முறை யோசிக்கவில்லை. பீஸ் வந்தால் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். கண்ணை அகலத் திறந்துகொண்டு, மற்றதைக் கையிடம் விட்டுவிட்டாள். பந்து உயரக்காரியின் விரல்நுனிக்கு மேலே போனது. சாயங்கால வெயிலில் அதன்மேலிருந்த புள்ளிகள்கூடத் தெரிந்தன. வளையத்தில் பெயின்ட் உரிந்திருந்தது, அதையும் அன்றைக்குத்தான் பார்த்தாள். பந்து வளையத்தில் ஏறிச் சுற்றியது. பிறகு ‘டக்’கென்று ஒரு சத்தம், லைனில் கேட்கும் அதே சத்தம். பீஸ் ஓகே. பந்து உள்ளே விழுந்தது.

பஸர் அடித்தது. ஒருத்தரும் எழவில்லை, பஸருக்கெல்லாம் எழும் தூக்கமா அது! சென்னைப் பெண்கள் கைகொடுத்தார்கள். நல்ல பெண்கள்தான், கும்பலைத் தாண்டும்போது மிதிக்காமல் மெல்ல நடந்துபோனார்கள். ஷாரோன் கலைமதியைக் கட்டிக்கொண்டு அழுதாள். கலைமதி தூங்குகிறவர்களுக்கு நடுவில் நடந்து பஸ்ஸுக்குப் போய், அப்பாவின் தோளைத் தொட்டாள்.

“ஸ்டாப்பிங் வந்துடுச்சிப்பா.”

சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள். ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் முழித்துக்கொண்டு, கண்ணைக் கசக்கி, அவளைப் பார்த்தார்கள்.

“இன்னா ஆச்சிம்மா?” என்றார் ரகுபதி.

“கெலிச்சிட்டோம்ப்பா.”

“யாரு போட்டது?”

“நாந்தான். நான் பாத்தேன்.”

கோப்பை பிரின்சிபால் ரூமில் இருக்கிறது, பக்கத்தில் போட்டோவும் இருக்கிறது. அதில் எல்லோர் கண்ணும் பாதி மூடியிருக்கும், அவள் கண் மட்டும் முழுசாகத் திறந்திருக்கும். திங்கட்கிழமை அவள் வழக்கம்போல ஷிஃப்டுக்குப் போனாள். பஸ்ஸில் அன்றைக்கு ஒருத்தர்கூடத் தூங்கவில்லை, கடைசிப் பந்து எப்படி விழுந்தது என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். இன்றைக்கும் கேட்கிறார்கள், அவளும் சலிக்காமல் சொல்கிறாள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அந்தப் பந்து வளையத்தில் இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாகச் சுற்றும். யாரும் மறுத்துப் பேசுவதில்லை. தூங்கினவர்கள் என்ன பேச முடியும்?