சோதனைக்கு ஒரு வாரம் முன்பு

அன்று காலை ஷேவ் செய்யும்போது அவருக்குத் தாடையில் சின்னக் கீறல். காகிதத் துண்டை ஒட்டிக்கொண்டு வந்து, "சட்டைக்குப் பட்டன் தைச்சியா?" என்று கேட்டார். தைத்திருந்தேன். போட்டுக்கொண்டு டீ குடித்தார். தலை வலிக்கிறது என்று நாற்காலியில் சாய்ந்தார். காகிதம் அதற்குள் முழுக்கச் சிவந்திருந்தது. மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள்.

என் கணவர் லிப்ட் மெக்கானிக். இதயத்தில் செயற்கை வால்வு வைத்ததிலிருந்து ஆறு வருடமாக, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டுவந்தார். மாதம் ஒருமுறை ரத்தச் சோதனை. அதில் வரும் எண்ணைப் பார்த்து மாத்திரையின் அளவைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் கையேட்டில் எழுத வேண்டும். எழுதுவதில் அவர் கெட்டி. லிப்டில் ஒரு திருகை மாற்றினாலும் பதிவேட்டில் எழுதாமல் கீழே இறங்கமாட்டார். எழுதாதவர்களைத் திட்டித் தீர்ப்பார்.

அப்படிப்பட்டவரையும் வளைக்க ஒரு புரொபசர் இருந்தார். என் கொழுந்தனுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. தொழில், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. பேச்சு, கல்லீரல் முதல் கிரகணம் வரை. மூலிகை காப்ஸ்யூல் விற்கத் தொடங்கியதும் கழுத்தில் அடையாள அட்டை வேறு.

"அண்ணி, எல்லாம் இயற்கை. பூண்டு, மஞ்சள், ஜின்கோ இலை. சமையல்கட்டுல இருக்கிறதுதான்."

"என் சமையல்கட்டுல அந்த இலை இல்லையே, தம்பி. ஆஸ்பத்திரியில ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சாப்பிடட்டும்."

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவாங்க. அவங்க பொழப்பு அது."

என் கணவர் சிரித்துக்கொண்டே டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பிறகு முழங்கை கன்றிப்போயிருந்தபோது, "லிப்ட் கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்றார். லிப்ட் கதவைப் பற்றி முப்பது வருடம் ஊருக்கே எச்சரிக்கை சொன்ன மனிதர்! பல் தேய்க்கையில் ரத்தம் வந்தபோது, பிரஷ் புதுசு என்றார். நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது. சோதனை எண்ணும் மாதாமாதம் ஒழுங்காகவே வந்தது.

பதினாறாம் நாள் அவருடைய கருவிப் பெட்டியைத் திறந்தேன். ஸ்பேனர்களுக்கு அடியில் பாதி காலியான டப்பா. புரொபசரை வரச்சொல்லி, அவர் முன்னால் வைத்தேன்.

"எத்தனை மாசமா?"

"நாலு. ஆனா இதனால இருக்காது அண்ணி. டெஸ்ட் எல்லாம் நார்மல்தானே?"

"அதெப்படி நார்மலா வந்துச்சு?"

கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்: "டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்னாடி காப்ஸ்யூலை நிறுத்தச் சொல்லிடுவேன். ரிசல்ட் கெட்டுப்போகக் கூடாதில்ல?"

"பிரேக் பிடிக்காத வண்டியை, இன்ஸ்பெக்டர் வர்ற அன்னைக்கு மட்டும் ஷெட்ல நிறுத்திக் காட்டுவியா நீ?"

"அண்ணன் மேல எனக்கு அக்கறை இல்லைன்னு சொல்றீங்களா?"

"இருந்துச்சு. நர்ஸை ஒரு வார்த்தை கேக்குற அளவுக்கு இல்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிளம்பும்போது, டப்பாவில் மீதி இருப்பதை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். இன்னொருவர் கேட்டிருக்கிறாராம். அவருக்கும் இதய நோயாம்.

மறுநாள் டப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் லேபிளை இரண்டு முறை படித்தார்.

"இதுவும் ரத்தத்தை உறையவிடாதும்மா. சொல்லியிருந்தா அன்னைக்கே நிறுத்தச் சொல்லியிருப்போம். நிறுத்தாம டெஸ்டுக்கு வந்திருந்தாலாவது எண் ஏறுனது தெரிஞ்சிருக்கும், மாத்திரையைக் குறைச்சிருப்போம். மாசாமாசம் கேட்டேனேம்மா."

கேட்டிருக்கிறார். கையேட்டில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு: வேறு மருந்துகள், மூலிகைகள். கடைசி நான்கு மாதமும் என் கணவர் அதை வெறுமையாக விடவில்லை. பதிவேட்டில் எழுதும் அதே நீல மையில், அதே முத்து முத்தான எழுத்தில், "இல்லை" என்று எழுதியிருக்கிறார்.