ஆல்தோ காம்போவுக்கு நாலு பேர்

கல்யாணத்துக்குக் கூப்பிடாதவளை எச்சில் இலை எடுக்கக் கூப்பிட்ட கதையாக இருந்தது ஐஸ்வர்யாவுக்கு. மதியச் சாப்பாடு முடிந்து கையைக்கூடச் சரியாகத் துடைக்கவில்லை, எச்.ஆர். மேனேஜர் வசந்தகுமார் ஆள் விட்டு அழைத்தார். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே ஏதோ வில்லங்கம் என்று ஃபேக்டரியில் எல்லோருக்கும் தெரியும்.

"ஒண்ணும் இல்லம்மா. ஸ்பெயின்ல பனிச்சறுக்கு விளையாடற எடமா நல்லதா ஒண்ணு பாத்துக் குடு. ரொம்ப காஸ்ட்லி வாணாம். ரொம்ப ஃபேமஸும் வாணாம், கூட்டம் அம்மும். நம்ம பசங்க நாலு பேருக்கும் செட் ஆவணும், அவ்ளோதான். எல்லாரும் இன்டர்மீடியட் லெவலு. நீதான் இங்கிலீஷ்ல நல்லா படிச்சு நல்லா எழுதுவ."

நம்ம பசங்க நாலு பேர். அந்த நாலில் ஒரு ஆள் அவளாக இருந்திருக்க வேண்டும். அதை இந்த மனுஷன் மறந்துவிட்டுப் பேசுகிறாரா, மறக்காமல்தான் பேசுகிறாரா என்று அவர் முகத்தையே பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. வழவழவென்று இருந்தது முகம்.

ஒரகடத்தில் கார் சீட்டுகளுக்கு உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தை வெல்டிங் செய்து கொடுக்கிற கம்பெனி அது. தாய்க் கம்பெனி ஸ்பெயினில், பூர்கோஸ் என்ற ஊரில். அங்கிருந்து புதிதாக ஒரு லேசர் வெல்டிங் லைன் கப்பலேறி வந்துகொண்டிருந்தது. அதை ஓட்டக் கற்றுக்கொள்ள இங்கிருந்து நாலு பேர் ஜனவரியில் போய் ஆறு வாரம் தங்க வேண்டும். நடுவில் ஒரு சனி ஞாயிறு பனிச்சறுக்குக்கும் கூட்டிப்போவார்களாம், யாருக்கு எவ்வளவு சறுக்கத் தெரியும் என்று அங்கிருந்து முன்பே கேட்டிருந்தார்கள். போய்வருகிறவர்கள் கையில்தான் அந்த லைன். போகாதவர்கள் அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். டிப்ளமோ முடித்த கையோடு சேர்ந்து, இத்தனை வருஷம் குவாலிட்டியில் நின்று, வெல்டிங்கில் விழும் விரிசலைக் கண்ணால் பார்த்தே சொல்லிப் பழகிய ஐஸ்வர்யாவின் பெயர் முதலில் இருந்தது. பாஸ்போர்ட்டும் எடுத்தாயிற்று. அப்புறம் ஒரு நாள் நோட்டீஸ் போர்டில் பார்த்தால் அந்த இடத்தில் ராஜசேகர். பிளானிங் டிபார்ட்மென்ட். ஏசி அறையை விட்டு இறங்கி ஷாப் ஃப்ளோருக்கு வந்தால் ஷூவில் ஆயில் பட்டுவிடும் என்று ஓரமாக நடக்கிற ஆள்.

அன்றைக்கே போய்க் கேட்டாள். வசந்தகுமார் குரலைத் தாழ்த்தி, ஏதோ அவளுக்கு நல்லது செய்துவிட்டவர் மாதிரி சொன்னார். "பொம்பளப் புள்ள. ஆறு வாரம். கூட மூணு ஆம்பளைங்க. அந்தக் குளிரு வேற. உங்க வூட்ல ஒத்துக்க மாட்டாங்கம்மா, நான்தான் சொல்லி மாத்தினேன்."

"எங்க வூட்ல கேட்டீங்களா சார்?"

"கேக்கணுமா இன்னா? தெரியாதா?"

அவர் கேட்டிருந்தால் அவள் மாமியார் சுந்தராம்பாள் பதில் சொல்லியிருப்பாள். வல்லக்கோட்டையில் நூறு நாள் வேலைக்குப் போய்வருகிற அந்தப் பொம்பளை, விஷயத்தைக் கேட்டதும், "போய் கத்துக்கினு வா. புள்ள எங்கிட்டதான தூங்குது, ஒன்ன தேடவா போவுது?" என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரையை உருவ உட்கார்ந்துவிட்டாள். ஐஸ்வர்யாவின் புருஷன் வாலாஜாபாத் சந்தைக்குப் போய்க் கம்பளிக் குல்லாய் ஒன்றை வாங்கிவந்து அவள் தலையில் மாட்டிவிட்டுச் சிரித்தான். வீட்டில் ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொள்ளாதவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஆனாலும் வேலையைச் செய்தாள். செய்ய மாட்டேன் என்று சொல்ல நாக்கு வரை வந்தது, வீட்டுக் கடனை நினைத்து விழுங்கினாள். அந்த விழுங்கலில் எரிச்சல் இன்னும் ஏறியது.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தேடத் தேட, ஸ்பெயின் என்றால் மாட்டுச் சண்டையும் வெயிலும் என்றே நினைத்திருந்தவளுக்கு அங்கே இத்தனை பனிமலைகள் இருப்பது ஆச்சரியமாக இருந்தது. பாக்கெய்ரா என்று ஒன்று, பெரிய இடத்துக்காரர்கள் போவது. தங்குகிற செலவைப் பார்த்தாலே காய்ச்சல் வரும். சியர்ரா நெவாடா பேர் பெற்றது, ஆனால் நாட்டின் தெற்கு மூலை. பூர்கோஸில் தங்கப்போகிற பசங்களுக்கு அது ஒரகடத்திலிருந்து நாகர்கோவில் போகிற கதை. சறுக்குகிற பாதைகளுக்கு நிறம் வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரிந்துகொண்டாள். பச்சை என்றால் புதிதாக வருகிறவனுக்கு. நீலம் கொஞ்சம் பழகியவனுக்கு. சிவப்பு நன்றாகப் பழகியவனுக்கு. கறுப்பு என்றால் உயிர்மேல் ஆசை இல்லாதவனுக்கு.

அப்படித் தேடும்போதுதான் ஆல்தோ காம்போ கண்ணில் பட்டது. வடக்கே, கான்தாப்ரியா என்ற பக்கத்தில். வெளிநாட்டுக்காரர்கள் அதிகம் எட்டிப் பார்க்காத இடம். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சனி ஞாயிறில் பிள்ளைகுட்டிகளோடு சோற்று மூட்டை கட்டிக்கொண்டு வருவார்களாம். மலையில் மரமே இல்லை, மொட்டையாக, அகல அகலமாக, முக்கால்வாசி நீலமும் சிவப்பும். கீழே ரெய்னோசா என்ற சின்ன ஊரில் குறைந்த வாடகைக்கு அறை கிடைக்கும். காசு குறைவு, கூட்டம் குறைவு, நடுத்தரமாகச் சறுக்கத் தெரிந்தவனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரியான இடம்.

படங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு படத்தில், அவள் வயசிருக்கும் ஒருத்தி சரிவின் நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். முழங்காலெல்லாம் பனி. விழுந்து எழுந்தவள் என்று பார்த்தாலே தெரிந்தது. ஐஸ்வர்யாவுக்கு அங்கே போக வேண்டும் போல ஆசையாக இருந்தது. வெட்கம்கெட்ட ஆசை. நமக்கில்லாத பண்டத்தை நாமே பொட்டலம் கட்டிக் கொடுக்கிறோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

அதை எழுதி அனுப்பிய மறுநாள் பூர்கோஸிலிருந்து மார்த்தாவின் மெயில் வந்தது. பயிற்சிக்கு வருகிறவர்களைக் கவனித்துக்கொள்கிற பெண் அவள். ஆல்தோ காம்போ அருமையான தேர்வு, எல்லோரும் இன்டர்மீடியட் என்பதால் நேராக மேலே போய்விடலாம், சொல்லிக்கொடுக்க ஆள் வைக்கட்டுமா வேண்டாமா, உறுதி செய்யுங்கள் என்று கேட்டிருந்தாள். பின்னாலேயே ராஜசேகர் ஓடிவந்தான். "வாணாம்னு போட்டுடு ஐஸ்வர்யா. ஆளு வெச்சா நாலு பேரும் பச்சப் புள்ளைங்கன்னு நெனைப்பாங்க. லைன் குடுக்கப் போறாங்க, ஞாபகம் வெச்சுக்கோ."

'தேவையில்லை' என்று டைப் செய்தாள். அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரல் நின்றது. போகட்டுமே! ஆயில் படாத அந்த ஷூவோடு சிவப்புப் பாதையின் உச்சியில் ராஜசேகர் நிற்பதை நினைத்துப் பார்த்தாள். உருளட்டும். கால் முறியட்டும். கட்டுப் போட்டுக்கொண்டு வந்து எந்த லைனை ஓட்டுகிறான் என்று பார்ப்போம். அப்படி நினைத்ததில் வயிற்றுக்குள் குளுகுளுவென்று இருந்தது உண்மை. அதை அவள் மறைக்கவில்லை, தன்னிடம்கூட.

அனுப்பவில்லை. எழுந்து டீ பிரேக்கில் வெல்டிங் லைன் பக்கம் போனாள். நாலு பேரில் ஒருவனான வேல்ராஜ் பேப்பர் கப்போடு நின்றிருந்தான். கோவில்பட்டிப் பையன். ஐ.டி.ஐ. படித்துவிட்டு வந்து, அவளிடம்தான் வெல்டிங் பார்க்கக் கற்றுக்கொண்டவன்.

"வேலு, நீ பனி பாத்துகீறியா?"

"ஃப்ரீசர்ல பாத்திருக்கேன்க்கா."

"அப்புறம் இன்னாத்துக்குடா இன்டர்மீடியட்னு குடுத்த?"

அவன் தலைக்கு மேலே கண்ணைக் காட்டினான். அங்கே போர்டு. எந்த லைனுக்குப் போனாலும் அப்படி ஒரு போர்டு உண்டு. ஒவ்வொருத்தர் பெயருக்கு எதிரிலும் நாலு துண்டாகப் பிரித்த வட்டம். ஒரு துண்டு கறுப்படித்திருந்தால் கற்றுக்கொள்கிற ஆள். முழு வட்டமும் கறுப்பு என்றால் மற்றவனுக்குச் சொல்லித்தரக்கூடிய ஆள். ஆர்டர் குறைந்தால் முதலில் வீட்டுக்குப் போவது கால் வட்டக்காரன்தான். அதனால் இங்கே எவனும் 'எனக்குத் தெரியாது' என்று வாயால் சொல்ல மாட்டான். கேள்வி முடிவதற்குள் 'தெரியும் சார்' வந்து நிற்கும். மார்த்தா பாவம், பனியில் சறுக்குவதைப் பற்றித்தான் கேட்டாள். நாலு பேரும் போர்டுக்குப் பதில் சொன்னார்கள்.

"ராஜசேகர் சார்தான் எல்லாரையும் அப்படிப் போடச் சொன்னாவ. பிகினர்னு போட்டா பேரைத் தூக்கிருவாங்கன்னாவ." வேல்ராஜ் கப்பைக் கசக்கினான். "உங்க பேரைத் தூக்கின மாதிரி. யக்கா, அந்த மலை ரொம்பச் செங்குத்தா இருக்குமோ?"

கேட்டவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை அவளால். அவள் தள்ளிவிட நினைத்த சரிவில் இவனும்தான் நின்றான். இவனுக்குக் கால் முறிந்தால் ஊரில் அப்பா அம்மா இரண்டு பேரும் பட்டினி. அட நாசமாப்போன ஃபேக்டரியே, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு மனுஷனுக்கு இங்கே வழி வைக்க மாட்டாயா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கோபம் முன்னதைப் போல குளுகுளுவென்று இல்லை.

பதில் வராததால் மார்த்தாவே வீடியோ மீட்டிங் போட்டாள். கான்ஃபரன்ஸ் அறையில் வசந்தகுமார், ராஜசேகர், வேல்ராஜ், அசெம்பிளியிலிருந்து வந்த மற்ற இருவர். இடத்தைப் பற்றி விளக்கிச் சொல்ல ஐஸ்வர்யா. மேஜை நடுவில் வட்டமாக மைக். திரையில் மார்த்தா தடிமனான ஸ்வெட்டரில் இருந்தாள். ஐஸ்வர்யா ஆங்கிலத்தில் ஆல்தோ காம்போவைப் பற்றிச் சொல்லச் சொல்ல, மார்த்தாவின் முகம் மலர்ந்தது. சின்ன வயதில் தன் அப்பா தன்னை அங்கேதான் கூட்டிப்போய்ச் சறுக்கப் பழக்கினார் என்றாள்.

"சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாமா?"

"நோ நீட்" என்றான் ராஜசேகர். "மணாலி. டூ இயர்ஸ். ஸ்கீயிங்."

மணாலிக்கு அவன் தேனிலவுக்குப் போய் ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துவிட்டு வந்தது கேன்டீன் வரை தெரிந்த விஷயம். வேல்ராஜ் மேஜையைப் பார்த்தான்.

"சரி. அறைகளை உறுதி செய்கிறேன்" என்று மார்த்தா சொல்லிவிட்டு, தன் முன்னாலிருந்த எதையோ பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். "ஆனால் என்னிடம் ஐந்து பெயர் இருக்கிறது. நாலு பேர் லெவல் சொல்லிவிட்டார்கள். ஐஸ்வர்யா, நீங்கள் மட்டும்தான் சொல்லவில்லை. உங்கள் லெவல் என்ன?"

ஐஸ்வர்யாவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. இங்கே நோட்டீஸ் போர்டில் அவள் பெயரை எடுத்தவர், அங்கே அதைச் சொல்லத் தைரியம் இல்லாமல், ராஜசேகர் பெயரைக் கூடுதலாகச் சேர்த்து அனுப்பியிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார். மறைத்த சோற்றை அவளையே பரிமாறவும் வைத்திருக்கிறார்.

வசந்தகுமார் முந்திக்கொண்டார். "ஷி இஸ் நாட் கமிங், மார்த்தா. ஃபேமிலி ரீசன்ஸ்."

"எந்த ஃபேமிலி சார்?" என்று அவள் தமிழில் அவரைப் பார்த்துக் கேட்டாள். சத்தமாகத்தான் கேட்டாள். "எங்க வூட்டு வாசப்படி ஏறி கேட்டீங்களா? எங்க மாமியார் பேர் இன்னான்னாவது தெரியுமா ஒங்களுக்கு?" பிறகு திரையைப் பார்த்து ஆங்கிலத்தில், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். "எனக்கு எந்தக் குடும்பக் காரணமும் இல்லை, மார்த்தா. என் லெவல் பிகினர். நான் பனியைப் பார்த்ததே இல்லை. எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்."

ராஜசேகர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் வேல்ராஜ் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டான். காது மடல் சிவந்திருந்தது. "மீ ஆல்சோ, மேடம்" என்றான். "நோ ஸ்னோ. நோ ஸ்கீ. மீ ஆல்சோ டீச்சர்." அசெம்பிளிக்காரர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் மெதுவாகக் கையைத் தூக்கினான், பள்ளிக்கூடத்தில் தூக்குவது போல.

மார்த்தா சிரிக்கவில்லை. "அப்படியானால் எத்தனை பேர் வருகிறீர்கள்? யார் யார்?" என்று கேட்டாள்.

வசந்தகுமார் எட்டி மைக்கை அமுக்கினார். பேசுவது அந்தப் பக்கம் போகாது என்று அதில் சிவப்பு விளக்கு எரிந்தது. "எழுந்து வெளிய போ" என்றார் ஐஸ்வர்யாவிடம். இப்போது அந்த முகம் வழவழவென்று இல்லை. "இப்பவே போ. மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

திரையில் மார்த்தா காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று கையசைத்தாள். மறுபடி கேட்டாள், யார் யார் வருகிறீர்கள்? வசந்தகுமாரின் உள்ளங்கை மைக்கின்மேல் கவிந்திருந்தது. ஐஸ்வர்யா எழுந்திருக்கவில்லை. மேஜையில் கிடந்த மைக் ஒயரைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்து, தன் பக்கமாக இழுத்தாள். அவர் விடவில்லை. இருவருக்கும் நடுவில் ஒயர் விறைத்து நின்றது.