பேகம் நின்ற வாசல்கள்

நாலு போலீஸ்காரர்களும் ஒரு இன்ஸ்பெக்டரும் ஒரே ஜட்காவில் ஏறியதும் வண்டியின் முன்பக்கம் வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டது. குதிரை பேகத்தின் முன்னங்கால்கள் தரையை விட்டு ஒரு முழம் எழும்பியதாக அம்மாமண்டபத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் பிறகு சத்தியமே செய்தார்கள்.

"முன்னால நகந்து உக்காருங்க சார், பின்பாரமாப் போவுது" என்றான் வண்டிக்காரன் மீரான். இருபது வருஷமாகச் சொல்கிற வாக்கியம்தான்.

மதுவிலக்கு வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. கொள்ளிடத்து நாணல் புதருக்குள் காய்ச்சிய சாராயம் லாரி டியூபில் நிரம்பி, ஜட்காவில் புல்லுக்கடியில் படுத்துக்கொண்டு, காவிரிப் பாலம் தாண்டி டவுனுக்குள் போகும். எல்லாம் சிந்தாமணி அழகிரியின் சரக்கு. அழகிரி தும்மினால் மலைக்கோட்டை யானைக்கு ஜலதோஷம் பிடிக்கும் என்பார்கள். ஏற்ற மாட்டேன் என்ற ஜட்காக்காரன் எவனும் ஸ்டாண்டில் நிலைத்ததில்லை. மீரானும் ஒரு வருஷம் வாயைத் திறக்காமல் ஓட்டினான்.

போன மாசம் வந்த சரக்கில் வார்னிஷ் கலந்திருந்தது. மூன்று பேர் செத்தார்கள். மீரானின் பக்கத்து வீட்டில் இருந்த மூட்டை தூக்கும் ஆண்டி பிழைத்துக்கொண்டான்; ஆனால் பொழுது விடிந்து வெயில் ஏறிய பிறகும், "ஏன் புள்ள, இன்னும் வெளக்கு ஏத்தலையா?" என்று பெண்டாட்டி பொன்னுத்தாயைக் கேட்டான். அந்த டியூபைத் தன் கையாலேயே இறக்கிக் கொடுத்ததை நினைத்தால் மீரானுக்குச் சோறு இறங்கவில்லை. இன்ஸ்பெக்டரிடம் போனான்.

"என் வாயால வீட்டைச் சொல்ல மாட்டேங்க. பேகத்துக்குத் தெரியும். கடிவாளத்த விட்டுடறேன், அது காட்டும்."

காட்டிக்கொடுப்பது குதிரை, தான் இல்லை. இப்படி ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தான், பாவம்.

பேகம் காட்டியது. டவுனில் முதல் வாசலில் நின்றது. சாட்டையை ஓங்கினாலும் அசையவில்லை. டியூபை இறக்கி வண்டி லேசானால்தான் அடுத்த அடி வைத்துப் பழக்கம். ஒரு போலீஸ்காரர் இறங்கினார்; நகர்ந்தது. இப்படியே வாசலுக்கு ஒருவராக விதைத்துக்கொண்டு போய், கடைசியில் சிந்தாமணியில் பச்சை கேட் போட்ட மாடி வீட்டின் முன்னால் நின்றபோது மிச்சம் இருந்தவர் இன்ஸ்பெக்டர்தான். அவருடைய தொப்பை இறங்கியதும் பேகம் விட்ட பெருமூச்சு கரூர் வரைக்கும் கேட்டதாம். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அழகிரிக்கு ஆறு மாசம் கிடைத்தது. சிரித்த ஊர் மறுநாள் முதல் மீரானின் வண்டியில் ஏறவில்லை.

பதினைந்து வருஷ வாடிக்கையான வேதவல்லி மாமி, பட்டுப்புடவையோடு வெயிலில் நடந்தாள். "ஏறணும்னு ஆசைதான் மீரான். எங்காத்து மாமா வேண்டாங்கறார்." ஸ்டாண்டில் சக வண்டிக்காரன் லூர்து தரையைப் பார்த்துக்கொண்டு, "தப்பா நெனைக்காதீங்கண்ணே, வண்டியக் கொஞ்சம் அந்தாண்ட போட்டுக்குங்க" என்றான். அந்தாண்ட அந்தாண்ட என்று தள்ளியதில் வண்டி உறையூருக்கே போய்விடும் போலிருந்தது.

"நானாய்யா சொன்னேன்? குதிரைதானே காட்டுச்சு!" என்று மீரான் கத்தினான்.

அதை ஒப்புக்கொண்டவர்கள் அழகிரியின் ஆட்கள் மட்டும்தான். ஒரு நண்பகல், அவன் டீ குடிக்கப் போன நேரத்தில், பேகத்தின் இரண்டு கண்ணிலும் சுண்ணாம்பை அப்பிவிட்டுப் போனார்கள். ஸ்டாண்டில் பதினோரு பேர் இருந்தார்கள். ஒருத்தரும் பார்க்கவில்லை.

குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிய மனைவி ஷரபுன்னிசா, "வாயில்லாத சீவன் என்னங்க பண்ணுச்சு? உங்களயில்ல பண்ணியிருக்கணும்" என்றாள். சொன்ன வாயை ஈரக்கையால் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஏறிய ஒரே சவாரி ஆண்டி. வெள்ளிக்கிழமைதோறும் அவனைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவான் மீரான். கண்ணில்லாத பேகத்துக்கு வழி மறக்கவில்லை. அதுதான் ஆபத்து என்று சிந்தாமணியை விட்டு விலகியே ஓட்டுவான். ஒரு வெள்ளிக்கிழமை பாலத்து முனையில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. மிரண்ட பேகம் பழைய தெருவுக்குள் திரும்பி, பச்சை கேட் முன்னால் நின்றது.

நாலு நாள் முன்னால் விடுதலையாகி வந்த அழகிரி, உள்ளே பிரம்பு நாற்காலியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க பாய். அன்னிக்கு இன்ஸ்பெக்டரு. இன்னிக்கு யாரு?"

மீரான் குதித்திறங்கிக் கடிவாளத்தைப் பிடித்து இழுத்தான். கழுத்தைக் கட்டிக்கொண்டு கெஞ்சினான். பேகம் கல்லாக நின்றது.

"ஆஸ்பத்திரி வந்துடுச்சா பாய்?" என்றான் ஆண்டி. பதில் வராததால் வந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டு, காலால் தரையைத் துழாவி இறங்கினான்.

வண்டி லேசாயிற்று. ஆறு மாசத்தில் காணாத உற்சாகத்தோடு பேகம் நடை போட்டது. கடிவாளத்தில் தொங்கிய மீரானையும் இழுத்துக்கொண்டு போனது. அவன் திரும்பிப் பார்த்தான். ஆண்டி கையை நீட்டி, ஆஸ்பத்திரிச் சுவரைத் தேடி இரண்டடி நடந்தான். உள்ளங்கையில் கேட்டின் கம்பி தட்டுப்பட்டது. உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது.