இரைச்சல் திரும்பும் வழி

"குளிர்பெட்டியை அணைச்சுடு, ஹேமா. இரைச்சலைத் தடுக்க ஆர்டர் போட்ட வெளிநாட்டுக் காந்தப் பெட்டியையே மாட்டிக்கலாம்," என்றார் ஷ்யாம்சுந்தர்.

தாம்பரம் சானடோரியம் பக்கம் அவர் நடத்தும் சின்னக் கம்பெனியில் ஹேமாவதிதான் அந்த சிப்பை வடிவமைத்தவள். குளிர்பெட்டியின் கடுங்குளிரில் மின்தடையே அற்றுப்போகும் உலோகத்தில் இழைத்த சுற்று. குவாண்டம் கணினியிலிருந்து வரும் மெல்லிய மைக்ரோவேவ் சிக்னலை அது பெருக்கி வெளியே அனுப்ப வேண்டும். வெளி இரைச்சல் உள்ளே திரும்பக் கூடாது. ஆனால் திரும்பிக்கொண்டே இருந்தது.

"அணைக்க மாட்டேன் சார். தப்பு சிப்புல இல்ல, செட்டிங்ல."

"வெளிநாட்டு லேப்ல போட்ட செட்டிங்தானே?"

"அது அவங்க சிப்புக்கு."

அவர் விருட்டென்று வெளியே போனார். குளிர்பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் உதயா பக்கத்தில் வந்தான். "இன்னாத்துக்குக்கா பேஜாரு? வேலை பூடும்."

"போனா போகட்டும்."

சுற்றின் மூன்று முனைகளுக்கும் போகும் அலைகளில் எது முந்த வேண்டும், எது பிந்த வேண்டும் என்ற செட்டிங்கை நிரலில் மாற்றலாம். அவள் ஒவ்வொன்றாக மாற்றி அளந்தாள். மதியம் சாப்பிடக்கூட எழவில்லை. சாயங்காலம் திரையில் இரைச்சல் கோடு சரிந்து தரையோடு படுத்தது. சிக்னல் கோடு அப்படியே நின்றது. நம்பாமல் வரிசையைத் தலைகீழாக்கினாள். இப்போது எதிர்ப்பக்கம் பெருகியது, இந்தப் பக்கம் அடைபட்டது.

திரும்பி வந்த ஷ்யாம்சுந்தர் திரையிலிருந்த எண்களைப் படித்தார். "பெருக்கம் நாம சொன்னதுல பாதிதான் இருக்கு. முதலீடு போடறவங்ககிட்ட அதைச் சொல்ல வேணாம்."

"கேட்டா சொல்லுவேன் சார்."

"நீ பேசவே வேணாம். நான் பேசிக்கறேன்."

அடுத்த வாரம் முதலீடு பற்றிப் பேச வந்த மூவரில் அபிதகுஜாம்பாள் என்ற பேராசிரியை, ஷ்யாம்சுந்தர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, ஹேமாவதி பக்கம் திரும்பினார். "பெருக்கம் எவ்வளவும்மா?"

"சொன்னதுல பாதி மேடம். ஆனா இரைச்சல் ஒரு சொட்டுகூடத் திரும்பல. திசையையும் நிரல்லயே மாத்தலாம்."

இருவர் கைவிரித்துவிட்டுப் போனார்கள். பேராசிரியை மட்டும் அளவீடுகளை அனுப்பச் சொன்னார். ஷ்யாம்சுந்தர் பல நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. காந்தப் பெட்டிக்கான ஆர்டரை மட்டும் சத்தமில்லாமல் ரத்து செய்திருந்தார்.

ஒருநாள் அவள் மேஜையருகே நின்றார். "அடுத்த சிப் எப்ப?"

"பெருக்கத்தைக் கூட்டற வழி தெரிஞ்சதும் சார். பொய்த் தேதி சொல்ல மாட்டேன்."

"தெரியும்," என்றார் அவர், எரிச்சலோடு.