எழுபது கிலோ மிச்சம்

1

இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்கு, அனுமதிக் கூட்டத்தில் அதிகாரி முன்னால், பெரியப்பாவின் பால் பண்ணைக்கு நான் போட்ட பாஸ்பரஸ் கணக்கில் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திடப் பயந்துதான் இந்தக் கதையைத் தொடங்கினேன். இது பிறந்த கதை அவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம்: 'ஏரி பச்சைக் கம்பளம் போல...'

(அடித்துவிட்டேன். பாசி பிடித்திருக்கிறது. ஊர் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.)

இரண்டாம் தொடக்கம்: 'தீவனத்தோடும் தாது உப்போடும் பண்ணைக்குள் வரும் பாஸ்பரஸ், பாலோடும் எருவோடும் வெளியேற வேண்டும். வெளியேறாதது மண்ணில் தங்கும். மழை அதை ஏரிக்கு...'

பாடப்புத்தக வாடை. இருந்தாலும் இருக்கட்டும். இது இல்லாமல் பெரியப்பாவுக்கு ஏன் வியர்க்கிறது என்பது உங்களுக்குப் புரியாது.

ஒரு வருடத்தில் உள்ளே வந்தது 2,140 கிலோ. பாலிலும் விற்ற மாடுகளிலும் போனது 760. எருவில் போனது 1,310. மிச்சம் எழுபது. நூறு கிலோவுக்குள் இருந்தால் புதுக் கொட்டகைக்கு அனுமதி கிடைக்கும். கொட்டகைக்குக் கூரை போட்டாகிவிட்டது.*

* அனுமதிக்கு முன்பே.

3

பெரியப்பாவை வில்லனாக்கிப் பார்த்தேன். பொருந்தவில்லை. அப்பா இறந்த பிறகு என்னைப் படிக்க வைத்தவர். மாடு ஈனும்போது நாற்காலி போடாமல் நின்றே இருப்பவர்.

"என்னம்மா, கணக்கு முடிஞ்சுதா?"

"எருவை மட்டும் இன்னொரு தடவை பார்க்கணும் பெரியப்பா."

"அதுல என்ன பார்க்க? எடை மேடை இருக்கு, சீட்டு இருக்கு. கேட்டைத் தாண்டாத வண்டிக்கு என்னைக்காவது சீட்டு போட்டிருக்கியா?"

"இல்ல. ஆனா..."

"நீ அந்த 'ஆனா'வை முடிக்கறதுக்குள்ள செவலை கன்னு போட்டுடும்."

சிரித்தார். பிறகு என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"கொட்டகை வேலை நின்னுபோச்சுன்னா நான் எந்திரிக்க மாட்டேம்மா."

அந்த 'ஆனா'வுக்கு அடுத்த வாக்கியத்தை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல.

4

காலை எட்டு மணி. இரண்டு முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அ. அவள் கையெழுத்திடுகிறாள். கொட்டகைக்கு நாற்பது மாடுகள் வருகின்றன. அடுத்த மழைக்கு ஏரி...

ஆ. அவள் எல்லோர் முன்னும் தாளைக் கிழிக்கிறாள்.

(சுத்தப் பொய். நான் தாளை மடிப்பதுகூடச் சத்தம் கேட்காமல்தான்.)

மூன்றாவதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று இங்கே நிறுத்திவிட்டுக் கிளம்பினேன்.

5

நிறுத்த முடியவில்லை. கூட்டத்திலிருந்து திரும்பி இதை எழுதுகிறேன்.

அதிகாரி சீட்டுக் கட்டைப் புரட்டினார். எல்லாமே ஒரே கையெழுத்து.

"இவ்வளவு எருவையும் யார் வாங்கினாங்க?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். எப்போதும் போல நான் பேச மாட்டேன் என்று நம்புகிற பார்வை. பேனாவை மூடி வைத்தேன்.

"யாரும் வாங்கலைங்க. வண்டி கேட்டைத் தாண்டும், ரோட்டைச் சுத்திட்டு ஏரியோரம் பெரியம்மா பேர்ல இருக்கற நம்ம வயலுக்கே போயிடும். வருஷம் பூரா அப்படித்தான். தெரிஞ்சே சீட்டு எழுதினது நான்."